மரத்தூளும் மனித மூச்சும்

நம் முன்னோர் வகுத்த நீட்டலளவை வாய்பாட்டில் ‘கதிரெழு துகள்’ என்றோர் அளவு உண்டு. கணக்கதிகாரம் பயின்றோர் அதனை அறிவர். அணு எட்டுக் கொண்டது ஒரு கதிரெழு துகள். அஃது எட்டுக் கொண்டது ஒரு பஞ்சிற்றுகள். அது எட்டுக் கொண்டது ஒரு மயிர்முனை. கூரையின் சிறு துளை வழியே இருண்ட அறைக்குள் ஞாயிற்றின் கதிர் நுழையும்போது அக்கதிரில் மிதந்தாடும் நுண்பொடியே கதிரெழு துகள். கதிர் விழாத இடத்திலும் அப்பொடி உண்டு. கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவே. மயிர்முனையில் 64-இல் ஒரு கூறு என்று அதற்கு அளவு சொன்ன கணக்காசிரியர் அதனை மூச்சோடு சேர்த்து எண்ணியிருக்க மாட்டார்.

வகுப்பறையில் வெறும் மனப்பாடமாக நாம் கடந்துவிடும் இச்சொல்லுக்கு, ஜொகூர் மாநிலத்து மூவார் வட்டாரத்தில் மேசை நாற்காலி செய்யும் தொழிற்கூடம் ஒன்றின் தகரக் கூரையின்கீழ் நின்றால் முழுப்பொருளும் விளங்கும். அங்கே கதிரெழு துகள் மரத்தூளாக நிற்கிறது. எட்டு மணி நேரமும் நிற்கிறது. அத்தூளிலிருந்து தொழிலாளரைக் காக்க எழுந்த சட்டங்களின் வரலாற்றை ஆராய்ந்தால் ஓர் உண்மை புலப்படும். கண்ணுக்குத் தெரிந்த ஊறு முதலிற் சட்டத்தின் கண்ணிற்பட்டது. தெரியாத ஊறு அதன் கண்ணிற்பட நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

ஜொகூரில் மரம் அறுக்கும் தொழில் பழமையானது. அபு பக்கார் ஆட்சியின் தொடக்கக் காலமாகிய 1860-களில், ஸ்காத்லாந்து நாட்டவரான ஜேம்ஸ் மெல்ட்ரம் என்பார் ஜொகூர் பாருவில் நீராவியால் இயங்கும் மர ஆலையை நடத்தினார். ஜொகூர்க் காடுகளின் செங்காலும் பாலாவும் அங்கே பலகைகளாகிக் கடல் கடந்தும் சென்றன. நகரின் மெல்ட்ரம் சாலை அவர் பெயரைத் தாங்கியது. அக்காலத்து ஜொகூர், மரத்தின்மேல் வைத்திருந்த நம்பிக்கைக்கு ஒரு வேடிக்கையான சான்றும் உண்டு. 1869-இல் ஜொகூர் பாருவிலிருந்து குனோங் பூலாய் நோக்கி ஓர் இருப்புப் பாதை இடத் தொடங்கினர். அதனை ‘இருப்பு’ப் பாதை என்பதே பிழை, தண்டவாளமும் மரத்தால் ஆனது! கறையான் தின்று அது கைவிடப்பட்டது.

அந்த நீராவி ஆலைகளில் அறுபட்டவை பெரும்பாலும் ஈரங்காயாத பச்சை மரங்கள். பச்சை மரத்தை அறுத்தால் விழும் தூள் பருமனானது. ஈரக் கனத்தோடு காலடியிலேயே விழுந்துவிடும். ஆலையின் அச்சமெல்லாம் வேறு இரண்டிடத்தில் இருந்தது. ஒன்று கொதிகலன், மற்றொன்று வாள். கொதிகலன் வெடித்தால் ஊரே திரண்டு வரும்; வாள் விரலை அறுத்தால் குருதி தெரியும்.

சட்டமும் அந்த வரிசையிலேயே பிறந்தது. கூட்டு மலாய் மாநிலங்களில் 1913-இல் இயற்றப்பட்டு 1914 சனவரி முதல் நடைமுறைக்கு வந்த எந்திரச் சட்டம், கொதிகலனோடு ஏனைய எந்திரங்களையும் ஆய்வாளரின் பார்வைக்குக் கொணர்ந்தது. அச்சட்டம் பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய நான்கிற்கே உரியது. கூட்டில் சேராத ஜொகூர் அதற்குப் புறம்பாய் நின்றது. தீபகற்பம் முழுமைக்குமான ஒரே எந்திரச் சட்டம் 1953-இல்தான் வந்தது. அதற்கு முந்திய ஆண்டு, 1952-இல், தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் பிறந்திருந்தது. விரலுக்கு விலை கணக்கிடும் வாய்பாடு அதில் இருந்தது. விரல் எண்ணத்தக்கது, எந்த நாளில், எந்த எந்திரத்தில் போயிற்று என்று சாட்சி சொல்லத்தக்கது. மூச்சு அப்படிப்பட்டதன்று.

இனி மரத்தின் கதைக்கு வருவோம். மூவாரில் இன்று பெரிதும் இழைக்கப்படும் மரம் செங்காலுமன்று, பாலாவுமன்று. நம்மவர் ‘பால்மரம்’ என்று அழைத்த ரப்பர் மரமே அது. 1876-இல் ஹென்றி விக்கம் பிரேசில் நாட்டிலிருந்து விதைகளை இலண்டன் கியூ தோட்டத்திற் சேர்த்ததும், 1877-இல் அங்கிருந்து 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்ததும், ரிட்லி மரத்தைக் கொல்லாமல் பால் எடுக்கும் முறையை வகுத்ததும் பள்ளிப் பாடத்தில் வரும் செய்திகள். காடழித்துக் கன்று நட்டவரிலும், விடியுமுன் விளக்கோடு நிரையில் இறங்கி மரம் சீவியவரிலும் பெரும்பகுதியினர் தமிழர் என்பதைப் பாடநூல் அவ்வளவு அழுத்திச் சொல்வதில்லை. சிகாமாட், லாபிஸ், குளுவாங், கூலாய் வட்டாரத் தோட்டங்களின் லயங்களில் வளர்ந்தோர்க்கு அது சொல்லித் தெரிய வேண்டியதுமில்லை. அகிலன் தம் மலேசியப் புதினத்துக்குப் ‘பால்மரக் காட்டினிலே’ என்றே பெயர் வைத்தார். அந்த மரம் பாலுக்குரியது. பலகைக்குரியது என்று எவரும் எண்ணியதில்லை.

எண்ணாததற்குக் காரணம் உண்டு. 25 அல்லது 30 ஆண்டுகளில் பால் வற்றிய மரம் வெட்டப்படும். வெட்டிய சில நாள்களிலேயே அதில் நீலப்பூசணம் ஏறும், வண்டு துளைக்கும். மாச்சத்தும் சர்க்கரையும் நிறைந்த மரம் ஆதலின் பூச்சிகளுக்கு அது விருந்து. ஆகவே அடுப்புக்கும் ரப்பர்த்தாள் உலர்த்தும் புகைக்கூடத்துக்கும் செங்கற்சூளைக்கும் அது விறகாயிற்று. 1960-களில் பிறையில் எழுந்த மலாயாவாத்தா எஃகு ஆலை, பால்மரக் கரியைக் கொண்டே இரும்பு உருக்கியது. பின்னர்க் கெப்போங் வன ஆய்வு நிலையத்தார் முதலியோரின் ஆராய்ச்சியால் வழி பிறந்தது. வெட்டிய மரத்தைத் தாமதமின்றிப் பலகையாக்கி, போரான் உப்பு நீரை அழுத்தத்தால் உட்செலுத்தி, சூளையில் உலர்த்தினால் பூசணமும் அணுகாது, வண்டும் அணுகாது. வெளிர்மஞ்சள் நிறமும் சீரான நரம்பும் கொண்ட அழகிய மரம் கையில் கிடைத்தது. வணிகர் அதற்கு ‘மலேசிய ஓக்’ என்று ஒரு பட்டப்பெயரும் சூட்டினர். ஓக் மரத்துக்கும் அதற்கும் உறவேதும் இல்லை.

1980-களிலிருந்து இம்மரம் ஏற்றுமதித் தளவாடங்களாக உருமாறியது. மூவார் அதன் தலைநகர் ஆயிற்று. நாட்டின் தளவாட ஏற்றுமதியில் பாதிக்கு மேல் மூவார் வட்டாரத்திலிருந்தே செல்கிறது என்பது தொழில்துறையினர் வழக்கமாகக் கூறும் கணக்கு.

இங்கேதான் தூளின் வரலாறும் திரும்புகிறது. சூளையில் உலர்ந்த மரத்தை இழைத்தால் எழும் தூளில் ஈரமில்லை, எனவே கனமில்லை. அயல்நாட்டு வாங்குவோர் கண்ணாடி போன்ற வழவழப்பைக் கேட்கின்றனர். அதற்கு முதலில் சொரசொரப்பான உப்புத்தாளாலும், பின்னர் நுண்ணிய உப்புத்தாளாலும், அதற்கும் பின்னர் மிக நுண்ணியதாலும் தேய்த்தல் வேண்டும். தாள் நுண்ணியதாக ஆகத் தூளும் நுண்ணியதாகிறது. மரநாரை அரைத்துப் பசையிட்டு அழுத்திய செயற்கைப் பலகையை அறுத்தால் வரும் தூள் மாவினும் மெல்லியது. பருந்தூள் மூக்கின் வாயிலிலேயே தங்கிவிடும். நுண்தூள் மூச்சுக்குழல் கடந்து நுரையீரலின் அடிவரை செல்லும். மெல்ட்ரம் காலத்துத் தொழிலாளியின் காலடியில் விழுந்த தூள், நூறாண்டு கழித்துத் தொழில் நேர்த்தி அடைந்தபோது தொழிலாளியின் முகமட்டத்துக்கு எழுந்துவிட்டது. நேர்த்திக்கு இப்படி ஒரு விலை இருந்ததை அந்நாளில் பேசியோர் சிலரே.

தெரியாமல் நேர்ந்த பிழை என்று இதனைத் தள்ளிவிட இயலாது என்பதே என் கருத்து. இத்தாலிய மருத்துவர் இரமசினி 1700-இல் தொழிலாளர் நோய்கள் பற்றிய தம் நூலை வெளியிட்டார். நோயாளியிடம் மருத்துவர் கேட்கும் கேள்விகளோடு, ‘நீ என்ன தொழில் செய்கிறாய்?’ என்ற ஒன்றையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னவர் அவர். இரண்டரை நூற்றாண்டு கடந்து, இங்கிலாந்தில் ஹை விக்கம் என்னும் ஊரில் அக்கேள்வி மெய்யாகவே பயன்பட்டது. நாற்காலி செய்வதற்குப் பேர்பெற்ற ஊர் அது. இங்கிலாந்தின் மூவார் என்று சொல்லலாம். அவ்வூரில் காது மூக்குத் தொண்டை மருத்துவராயிருந்த எஸ்மி ஹாட்ஃபீல்டு அம்மையார், மூக்கின் உட்குழிவுகளில் அரிதாக வரும் ஒருவகைப் புற்றுநோயோடு வருவோர் மீண்டும் மீண்டும் தளவாடத் தொழிலாளராகவே இருப்பதைக் கண்டார். ஆக்ஸ்ஃபோர்டு மருத்துவர் மக்பெத்தும், நோய்ப்பரவல் ஆய்வாளர் ஆச்சிசனும் அவரோடு சேர்ந்து ஆராய்ந்தனர். 1960-களின் இறுதியில் அவர்கள் முடிவுகள் வெளிவந்தன. அந்நோய் அத்தொழிலாளரிடையே பொதுமக்களிடையே இருப்பதினும் பல நூறு மடங்கு மிகுதி. முதன்முதலாகத் தூளிடையே நின்ற நாளுக்கும் நோய் தோன்றிய நாளுக்கும் இடைவெளி சராசரியாக நாற்பது ஆண்டு. 1969-இல் பிரிட்டன் அதனைத் தொழில்வழி நோயாக ஏற்று இழப்பீட்டுக்கு உரியதாக்கியது.

ஆதலின், மூவாரின் பட்டறைகள் பெருகத் தொடங்கிய 1980-களில் இவ்வுண்மை உலகறிந்த ஒன்று. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு நிலையம் 1981-இலேயே தளவாடத் தொழிலை ஆராய்ந்து நூல் வெளியிட்டது. 1995-இல் வெளிவந்த தொகுதியில் மரத்தூளையே மனிதர்க்குப் புற்றுநோய் தரும் பொருள்களின் முதற்பிரிவிற் சேர்த்தது. புற்றுநோய் ஒருபுறமிருக்க, ஈளை, ஓயாத தும்மல், கண்ணெரிச்சல், தோல் தடிப்பு ஆகியவை நாற்பதாண்டு காத்திருப்பதில்லை. நாற்பது நாளிலும் வரும்.

நம் நாட்டுச் சட்டங்கள் இவ்விடைக்காலத்தில் உறங்கவில்லை. 1967-ஆம் ஆண்டுத் தொழிற்சாலை, எந்திரச் சட்டம் 1970-இல் நடைமுறைக்கு வந்தது. பெயரிலேயே ‘நலம்’ என்னும் சொல்லைக் கொண்ட ஒழுங்குமுறைகள் அவ்வாண்டு அதன்கீழ் எழுந்தன. 1984-இல் ஈயத்துக்கும், 1986-இல் கல்நாருக்கும், 1989-இல் கனிமத் தூசுக்கும் தனித்தனி ஒழுங்குமுறைகள் வந்தன. கற்சுரங்கத் தூசுக்கு விதி உண்டு. மரத்தூசுக்குத் தனி விதி இல்லை. கல் கொல்லும் என்று நம்புவது எளிது. மரம் நம் தொட்டில், நம் ஏர், நம் வீட்டு நிலை. அதன் பொடி கொல்லும் என்று நம்ப மனம் இடங்கொடுப்பதில்லை போலும்.

1991 மே 7-ஆம் நாள் சுங்கை பூலோவில் பிரைட் ஸ்பார்க்லர்ஸ் பட்டாசு ஆலை வெடித்து 26 பேர் மாண்டனர். நாடே அதிர்ந்தது. 1994-ஆம் ஆண்டுத் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் பிறந்ததற்கு அவ்விபத்தும் ஒரு தூண்டுதல் என்பர். இங்கும் பழைய வரிசையே: வெடித்தது தெரிந்தது, சட்டம் எழுந்தது. ஆயினும் அச்சட்டத்தின் கீழ் 2000-இல் வந்த இரசாயனப் பொருள் ஒழுங்குமுறைகளில்தான் மரத்தூளுக்கு ஓர் எண் கிடைத்தது. எட்டு மணி நேரச் சராசரியாக, ஒரு கன மீட்டர்க் காற்றில் வன்மரத் தூள் 1 மில்லிகிராமையும் மென்மரத் தூள் 5 மில்லிகிராமையும் தாண்டலாகாது.

இந்த 1 மில்லிகிராம் எவ்வளவு? உடலுழைப்புச் செய்யும் ஒருவர் எட்டு மணி நேரத்தில் ஏறத்தாழ 10 கன மீட்டர்க் காற்றை உட்கொள்வதாகக் கணக்கிடுவர். அப்படியானால் நாளொன்றுக்கு 10 மில்லிகிராம்; விரல்நுனியில் ஒட்டும் உப்பைவிடக் குறைவு. 5 மில்லிகிராம் வரம்பில் அதனைப் போல் ஐந்து மடங்கு. வேறுபாடு சிறிதன்று. ஆனால் எந்த மரம் எந்த வரம்புக்குரியது? தாவரநூலார் வகைப்படி, அகன்ற இலையுடைய பால்மரம் வன்மரமே. ஆனால் இவ்வரம்புகளுக்கு மூலமாக அமைந்த அமெரிக்கப் பட்டியலில் எடுத்துக்காட்டாக நின்றவை பீச், ஓக் ஆகிய குளிர்நாட்டு மரங்கள். நம் பால்மரத்தின் பெயர் அதில் இல்லை. விற்கும்போது ‘ஓக்’ என்று பெயர் சூட்டப்பட்ட மரம், தூளை அளக்கும்போது ஓக் ஆகிறதா என்று கேட்கத் தோன்றுகிறது.

எண் வகுத்த பின் அதனை எட்டும் வழி யாது? பலரும் முதலில் எண்ணுவது முகக்கவசம். விலை குறைவு, வாங்கிக் கொடுத்தாயிற்று என்று ஏட்டில் எழுதிவிடலாம். வெக்கையில் வியர்த்தொழுகும் தொழிலாளி அதனைத் தாடைக்கு இறக்கினால் குற்றம் அவன் தலையில் விழும். இதனை எண்ணுந்தோறும் தோட்டப்புற வரலாற்றின் வேறோர் ஏடு நினைவுக்கு வருகிறது.

1901-இல் மால்கம் வாட்சன் என்னும் மருத்துவர் கிள்ளானுக்கு வந்தபோது, மலைக்காய்ச்சல் கொத்துக் கொத்தாக மக்களைக் கொண்டு சென்றது. தோட்டங்களில் மாண்டவருள் தமிழர் பலர். கூலிக்குக் கொயினா கொடுப்பதே அந்நாளைய மருத்துவம். விழுங்க மறுத்தால் பழி கூலிக்கு. கொசுவே நோயைக் கடத்துவது என்பதை ரொனால்டு ராஸ் 1897-இல் செகந்திராபாத்தில் கண்டறிந்திருந்தார். வாட்சன் அதனைப் பற்றிக்கொண்டு, கிள்ளானிலும் சுவெட்டன்ஹாம் துறைமுகத்திலும் சதுப்பு நீரை வடிக்க வாய்க்கால் வெட்டச் செய்தார். பின்னர், மலைச்சாரல் தோட்டங்களில் வேறொரு கொசுவினம் வெயில் படும் ஓடைகளில் முட்டையிடுவதைக் கண்டு, ஓடைகளை மண்ணுக்கடியிற் குழாய் வழி செலுத்தினார். சாவு குறைந்தது. கொயினா கைவிடப்படவில்லை, ஆயினும் காப்பாற்றியது வாய்க்காலே. நோயை மனிதனின் வாயில் மறிப்பதினும் அது பிறக்கும் இடத்தில் மறிப்பது மேல் என்பதை இந்நாட்டு மண்ணில், நம்மவர் உயிரைப் பணயமாக வைத்து, நூறாண்டுக்கு முன்பே மெய்ப்பித்தாயிற்று.

மரத்தூளுக்கும் வாய்க்கால் உண்டு. உப்புத்தாள் சுழலும் இடத்துக்கு ஒரு சாண் தொலைவுக்குள் உறிஞ்சும் வாய் ஒன்று அமைதல் வேண்டும். அதிலிருந்து அகன்ற குழாய்; குழாயின் மறுமுனையில் விசிறி; கூடத்துக்கு வெளியே, பருந்தூளைச் சுழற்றிக் கீழே தள்ளும் கூம்பும், நுண்தூளை வடிக்கும் துணிப்பைகளும். உறிஞ்சும் வாய் எந்திரத்திலிருந்து சற்றே விலகினாலும் காற்றின் இழுவை விரைந்து குறைந்துவிடும். ஆகவே கருவி இருந்தும் பயனில்லாத கூடங்கள் உண்டு. குழாயில் தூள் தேங்கினால் ஒரு பொறியும் போதும். உலர்ந்த மரத்தூள் காற்றோடு கலந்து வெடிக்கும் இயல்புடையது. மாலையில் துடைப்பத்தாற் கூட்டுவதும், காற்றுக்குழாயை உடைமேல் பாய்ச்சித் தூள் தட்டுவதும் படிந்த தூளை மீண்டும் மூச்சுக்கு அனுப்பும் வேலைகள். வெற்றிட உறிஞ்சியும் ஈரத்துணியுமே தக்கவை. செர்டாங் புத்ரா பல்கலைக்கழகத்து ஜெகதீஸ்வரன் ரத்தினசிங்கமும் அவர் உடனாய்வாளரும் உப்புத்தாளின் நுண்மைக்கும் எழும் தூளுக்கும் உள்ள தொடர்பை அளந்து ஆராய்ந்துள்ளனர். நம்மிடம் அறிவு இல்லை என்ற சாக்குக்கு இனி இடமில்லை. சிறு பட்டறைகளின் உடைமையாளர்க்குப் பணமுடை இருப்பது மெய். விசிறியும் குழாயும் மின்கட்டணமும் கவசத்தைப்போல் மலிவானவை அல்ல.

2024 சூன் 1-ஆம் நாள் 1967-ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கப்பட்டு, திருத்தப்பட்ட 1994-ஆம் ஆண்டுச் சட்டமே தொழிலிடங்களுக்குரிய பொதுச் சட்டமாயிற்று. ஏட்டளவில் காப்பு விரிந்துள்ளது.

காக்கப்பட வேண்டியவர்தாம் மாறிவிட்டனர். பால்மரத்தை நட்டுச் சீவியவர் கப்பலேறி வந்த தமிழர். அதே மரத்தை இன்று இழைப்பவருள் பெரும்பகுதியினர் வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் மியன்மாரிலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்தோர். 2019 சனவரி முதல் அயல்நாட்டுத் தொழிலாளரும் சமூகப் பாதுகாப்பு நிறுவனமாகிய பெர்கெசோவின் காப்புக்குள் வந்தனர். அதுவரை அவர்களுக்கு 1952-ஆம் ஆண்டின் பழைய இழப்பீட்டுச் சட்டமே உரியது. விரல் போனால் இன்று அவருக்கும் நம்மவருக்கும் ஒரே முறையில் உதவி கிட்டும்.

மூச்சின் கணக்கு வேறு. காற்றளவைப் பதிவுகளையும் உடல்நலக் கண்காணிப்புப் பதிவுகளையும் 30 ஆண்டுகள் பேணுமாறு 2000-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள் கட்டளையிடுகின்றன. ஹை விக்கம் தொழிலாளரிடையே கண்ட இடைவெளியோ 40 ஆண்டு. 1980-களில் மூவாரில் முதன்முதல் உப்புத்தாள் பிடித்த கைகளுக்கு அந்த நாற்பது இப்போது நிறைந்து வருகிறது. இருபதாம் வயதில் வந்து, ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பும் நேப்பாளத்து இளைஞனுக்கு அஃது அறுபதாம் வயதில் நிறையும். அன்று அவன் மூக்கின் ஒருபுறம் குருதி கசிந்து, மலையடிவாரத்து மருத்துவர் ஒருவர் இரமசினியின் கேள்வியைத் தவறாமற் கேட்டாலும், ‘நீ என்ன தொழில் செய்கிறாய்?’ என்பதற்கு அவன் சொல்லப்போகும் விடை, பயிர்த்தொழில் என்பதே.